காப்பித் தோட்டத்துக்குப் போன வண்டுகள்

தா.பழூர் பக்கம் ஒரு பரங்கிக்காய் விவசாயி இருக்கிறார். முதல் தடவை நாங்கள் போய் அறுபது காய் கேட்டபோது, "எந்தக் கோயில்ல அன்னதானம்?" என்று கேட்டார். கோயில் இல்லை என்றேன். "அப்ப கல்யாணமா?" என்றார். அதுவும் இல்லை என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, கூட வந்த அக்கா பட்டென்று, "பூச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

அவர் முகம் மாறிவிட்டது. "என்னாது, என் காயில பூச்சியா? யாரு சொன்னா? அறுத்துக் காட்டட்டுமா?" என்று அரிவாளை எடுக்கப் போய்விட்டார்.

அவரைச் சமாதானப்படுத்தி, உங்கள் காயில் பூச்சி இல்லை, நாங்கள்தான் கொண்டுபோய் அதில் பூச்சி விடப்போகிறோம் என்று விளங்கவைப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடைசியில் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பூச்சி வராம காப்பாத்த நான் படாத பாடு படறேன். நீங்க வண்டி வச்சு ஏத்திட்டுப் போயி பூச்சி வுடுறீங்களா?" என்றார். ஆனால் காய்களை நன்றாகவே பொறுக்கிக் கொடுத்தார். தோல் தடித்தது, காம்பு நீண்டது, மேலே பள்ளம் பள்ளமாக வரியோடியது. எங்களுக்கு வேண்டியது அதுதான். அந்தப் பள்ளங்களில்தான் மாவுப்பூச்சி வசதியாக உட்கார்ந்து சாறு குடிக்கும்.

எங்கள் தொழில் இது: பரங்கிக்காயில் மாவுப்பூச்சியை வளர்ப்போம். மாவுப்பூச்சியைத் தின்னக் கொடுத்துப் பொறிவண்டை வளர்ப்போம். வண்டுகளை, மாவுப்பூச்சியால் அவதிப்படுகிற தோட்டக்காரர்களுக்கு அனுப்புவோம். அந்த வண்டு மிளகளவுதான் இருக்கும். உடம்பு கறுப்பு, தலையும் பின்புறமும் செம்மஞ்சள். பார்க்க சாதுவாக இருக்கும். ஒரு செடியில் விட்டால், அதுவும் அதன் புழுக்களும் சேர்ந்து மாவுப்பூச்சியை முட்டையோடு தின்று தீர்க்கும்.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. எங்கள் இரண்டு குடும்பங்களும் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவை. என் அப்பா அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். அதனால் நான் கல்லூரிக்குப் போய் விலங்கியல் படித்தேன். அக்காவுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. பெரம்பலூரைச் சுற்றியுள்ள பருத்திக் காடுகளில்தான் அவருக்கு முப்பது வயதுவரை போயிற்று. ஒரு நாள் மருந்தடித்த காட்டில் மறுநாள் காலையிலேயே களை எடுக்கப் போனவர் அப்படியே மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். அதன் பிறகு அந்த வாடை தூரத்தில் அடித்தாலே குமட்டிக்கொண்டு வருமாம். காட்டு வேலை வேண்டாம் என்று, நான் வேலை பார்த்த நன்மை செய்யும் பூச்சிகள் வளர்க்கும் தனியார் கூடத்துக்குப் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்தார். ஆறு மாதத்தில் என்னைவிட நன்றாகப் பூச்சி வளர்த்தார். நான் நோட்டைப் பார்த்துவிட்டுக் கூண்டைப் பார்ப்பேன். அவர் கூண்டை மட்டும் பார்ப்பார்.

அந்தக் கூடத்தின் முதலாளி அதை மூடிவிட்டுக் கோயம்புத்தூருக்கே போய்விட்டதும் நாங்கள் இருவரும் பெரம்பலூரில் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்தோம். மூன்று அறை. ஒன்றில் மாவுப்பூச்சி, ஒன்றில் வண்டு, மூன்றாவதில் காய் கழுவுவது. மாவுப்பூச்சி அறைக்கும் வண்டு அறைக்கும் நடுவே ஒரு சட்டம் உண்டு. காலையில் முதலில் மாவுப்பூச்சி அறைக்குப் போகலாம். அதன் பிறகு வண்டு அறைக்குப் போகலாம். வண்டு அறைக்குள் போய்விட்டால் அன்றைக்கு மாவுப்பூச்சி அறைப் பக்கம் தலைவைக்கக் கூடாது. ஏனென்றால் ஒரே ஒரு வண்டு உள்ளே புகுந்தாலும் நாம் பாடுபட்டு வளர்த்த மாவுப்பூச்சி போய்விடும். ஊரே மாவுப்பூச்சியை ஒழிக்கத் திட்டம் போடும்போது, நாங்கள் அதற்குக் காவல் இருந்தோம்.

அந்தச் சட்டத்தை மீறியவள் நான்தான். வண்டு அறையில் இருந்தபோது போன் அணைந்துவிட்டது. சார்ஜர் மாவுப்பூச்சி அறையில் இருந்தது. ஒரு நொடிதானே என்று போய் எடுத்துவந்தேன். துப்பட்டா மடிப்பில் ஒன்றோ இரண்டோ ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அக்கா மாவுப்பூச்சி அறையில் ஒரு அலமாரி முன்னால் நின்று, "இங்க வாம்மா" என்றார். "இது ஓடுது பாரு."

பரங்கிக்காய் மேல் மாவுப்பூச்சி போலவே வெள்ளையாக, மாவு பூசி, திரி திரியாக நீட்டிக்கொண்டு ஒன்று நகர்ந்தது. மாவுப்பூச்சி அப்படி ஓடாது. ஒட்டிய இடத்தில் கிடக்கும். ஓடுவது வண்டின் புழு. பிறந்ததிலிருந்து கூட்டுப்புழு ஆகும்வரை அது மாவுப்பூச்சி வேஷத்தில்தான் இருக்கும். பார்த்தவர் ஏமாந்துவிடுவார். அன்று ஒரு அலமாரி முழுக்கப் போயிற்று. அக்கா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் வந்து, பையோ மடிப்போ இல்லாத மேலங்கி இரண்டு தைத்துக் கொடுத்தார். "இனிமே துப்பட்டா வாசல்ல" என்றார்.

எங்கள் மாவட்டத்தில் பருத்தி உண்டு, மக்காச்சோளம் உண்டு, சின்ன வெங்காயம் உண்டு. காப்பி கிடையாது. காப்பிக் கொட்டை ஒரு செடியில் காய்க்கிறது என்பதுகூட எனக்குப் படத்தில் பார்த்த விஷயம். அப்படியிருக்க எங்களுக்கு வந்த பெரிய வாடிக்கை காப்பித் தோட்டம்.

பெரம்பலூரில் ஒரு விவசாயக் கண்காட்சியில் மேசை போட்டிருந்தோம். மாவுப்பூச்சி அப்பிய பரங்கிக்காய் ஒன்றை நடுவில் வைத்திருந்தோம். பலபேர் அதைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். வாடை ஒன்றும் இல்லை, பார்வைக்கே அப்படி. ஒரு பெரிய மீசைக்காரர் மட்டும் குனிந்து பார்த்தார்.

"இதேதானுங்! எங்க காப்பியில பூவுலயும் பிஞ்சுலயும் அப்பிக் கிடக்கறது இதேதானுங்!"

நாமக்கல்காரர். லாரி வைத்திருந்தவர். லாரிகளை விற்றுவிட்டுக் கொல்லிமலையில் மிளகும் காப்பியுமாக ஐந்து ஏக்கர் வாங்கியிருந்தார். மருந்தடித்துப் பார்த்தாராம், அடங்கவில்லையாம். வண்டைக் காட்டினேன். ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"எப்ப வேலைய ஆரம்பிக்கும்?"

"விட்ட அன்னைக்கே ஆரம்பிக்கும் சார். பலன் தெரிய ஒன்றரை மாசம் ஆகும்."

"டயர் மாத்துனா வண்டி உடனே ஓடுமுங். பாக்கலாம், அனுப்புங்க" என்றார்.

மாசிக் கடைசியில் முதல் சரக்கை நானே துறையூர்வரை கொண்டுபோனேன். வலை கட்டிய ஜாடிகள், உள்ளே காகிதச் சுருள், மூடியில் ஒரு சொட்டு தேன். பஸ்ஸில் கண்டக்டர், "என்னம்மா டப்பால?" என்றார். வண்டு என்றேன். "கடிக்குமா?" "கடிக்காது." அவர் நம்பவில்லை. துறையூர்வரை என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. சௌகரியமாகப் பையை வைத்துக்கொண்டேன்.

லாரிக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வெயில் தாழ்ந்து விடுங்கள், மாவுப்பூச்சி அதிகமுள்ள செடியாகப் பார்த்து விடுங்கள், மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள் என்று எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் என்று அப்போது நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் போன் வந்தது. மலையில் சிக்னல் வந்து வந்து போகும். குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"மேடம், உங்க வண்டக் காணமுங். மாவுப்பூச்சி ரெண்டு பங்கா ஆயிருச்சு. முன்னாடி சின்னதா இருந்துச்சு, இப்ப பெருசு பெருசா, முடி வேற மொளச்சிருக்குது. வேற வழியில்லாம ஆள் வச்சுத் தொடச்சு..."

"சார், தொடாதீங்க! அதுதான் வண்டு! அது வண்டோட..." என்று கத்தினேன். போன் செத்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது.

அக்கா கை கழுவிக்கொண்டு வந்து நின்றார். "புழு வெள்ளையா இருக்கும்னு நீ எழுதிக் குடுக்கலையா?"

எழுதவில்லை. ஒரு அலமாரியையே அந்த வேஷத்துக்குப் பறிகொடுத்தவள் நான். இருந்தும் அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று என் மண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் கிளம்பினோம். துறையூர், நாமக்கல், பிறகு மலை பஸ். எழுபது கொண்டை ஊசி வளைவு. எனக்கு இருபதாவதிலேயே வயிறு புரண்டுவிட்டது. மலையையே அதுவரை பார்த்திராத அக்கா, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டே ஜாலியாக வந்தார். இடையிடையே என் முதுகைத் தடவிவிட்டு, "இன்னும் முப்பத்தஞ்சுதான்" என்றார். அது ஆறுதல் இல்லை என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் குளிர்ந்த காற்று வந்தது. உயரமான மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. அதன் நிழலில் இடுப்புயரத்துக்குக் கரும்பச்சையாகப் பளபளத்துக்கொண்டு செடிகள்.

"இதான் காப்பியா?" என்றார் அக்கா. "நம்மூரு நந்தியாவட்டை மாதிரியில்ல இருக்கு."

செடிகளுக்கு நடுவே ஐந்தாறு பெண்கள் சோப்புத் தண்ணீர் வாளியும் துணியுமாக நின்றிருந்தார்கள். லாரிக்காரர் எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். "வாங்க மேடம்! நேத்து கட் ஆயிருச்சுங். பாருங்க, பாதித் தோட்டம் பளிச்சுன்னு தொடச்சாச்சு."

அக்கா நேராக ஒரு வாளியிடம் போய்க் குனிந்தார். நானும் பார்த்தேன். தண்ணீரின் மேல் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு தாய் வண்டும் எந்தெந்தக் காயில், எந்தக் கூண்டில் பிறந்தது என்று எங்களுக்குத் தெரியும். அவற்றின் பிள்ளைகள் சோப்பு நுரையில் கிடந்தன.

அக்கா நிமிர்ந்தார். இன்னும் துடைக்காத ஒரு செடிக்குப் போய், ஒரு கொத்துப் பிஞ்சை வளைத்து, இரண்டு வெள்ளைப் பூச்சிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். பெண்களைச் சுற்றி நிற்கச் சொன்னார்.

"ரெண்டும் வெள்ளைதானே? நல்லா பாருங்க. எது ஓடுது?"

ஒன்று அசையாமல் கிடந்தது. மற்றொன்று கட்டைவிரலைத் தாண்டி மணிக்கட்டுப் பக்கம் விறுவிறுவென்று போயிற்று.

"கிடக்கறது மாவுப்பூச்சி. ஓடறது அதைத் திங்கிற வண்டோட புள்ள. இன்னும் ரெண்டு வாரத்துல மாவ உதுத்துட்டுக் கறுப்பா வரும்."

ஒரு பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயய்யோ! நேத்து பூரா ஓடறதத்தானே தேடித் தேடி நசுக்குனோம். தப்பிச்சு ஓடுதுன்னு!"

லாரிக்காரர் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். மீசை தொங்கினாற்போல இருந்தது. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"தப்பு உங்க மேலயும் இல்ல, இவங்க மேலயும் இல்ல சார். நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

அவர் துடைத்த பக்கத்துச் செடிகளைக் கையால் காட்டினார். "லோடு ஏத்தி அனுப்பிட்டு டிரைவர்கிட்ட அட்ரஸ் சொல்லாம வுட்டாப்லதானுங்" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்று கீழே இறங்க வழியில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியின் வீட்டில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் அக்கா துடைக்காத பாதியில் செடி செடியாக உட்கார்ந்து எழுந்தார். இலையைப் பார்க்கவில்லை, தூரைப் பார்த்தார். நான் என்னவென்று கேட்டேன்.

"எறும்பு போயிட்டு வருது பாரு. மாவுப்பூச்சி விடுற இனிப்புத் தண்ணியக் குடிக்கத்தான் வருது. குடிச்சுட்டுச் சும்மா போவுமா? வண்டு கிட்ட வந்தா கடிச்சுத் தொரத்தும். எறும்பு ஏறாம பண்ணலன்னா நீ எத்தன ஜாடி கொண்டாந்தாலும் பத்தாது."

தூரில் ஒட்டும்படியாக ஏதாவது சுற்றிவைத்தால் எறும்பு ஏறாது என்று நான் படித்திருந்தேன். எதைச் சுற்றுவது என்று யோசித்தோம். பட்டையில் நேராக எதையும் பூசக் கூடாது, செடி வெந்துவிடும். சாக்கைக் கிழித்துக் கட்டி, அதன் மேல்...

"கிரீஸ் ஆவுமுங்களா?" என்றார் லாரிக்காரர். "அது நம்ம டிபார்ட்மெண்ட்டுங்."

ஓட்டமாகப் போய்ப் பழைய கிரீஸ் டப்பா ஒன்றைத் தூக்கிவந்தார். பெண்கள் சாக்கை நாடாவாகக் கிழித்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சக்கரத்துக்கு வைப்பதுபோல விரலால் அளவாக எடுத்துச் சாக்கின் மேல் தடவிக்கொண்டே போனார். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த கிளைகளை அக்கா கழிக்கச் சொன்னார். இல்லாவிட்டால் எறும்பு பாலத்தில் போவதுபோலப் போய்விடும். மத்தியானத்துக்குள் ஒரு ஏக்கர் முடிந்தது. கிரீஸ் வாடையோடு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். அவ்வளவு ருசி.

நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். துடைத்த பாதி அந்த வருஷம் தேறவில்லை. பிஞ்சு பாதிக்கு மேல் கொட்டிவிட்டது. பின்னால் நான் இன்னொரு தடவை வண்டு கொண்டுபோய் விட்டும் நேரம் கடந்துவிட்டது. துடைக்காத பாதியில் ஆடி வருவதற்குள் மாவுப்பூச்சி தேடினால்தான் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு இலையைத் திருப்பினால் கறுப்பும் செம்மஞ்சளுமாக இரண்டு வண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். லாரிக்காரர் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். படத்தில் அவர் கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரியும்.

அடுத்த வருஷம் அந்தப் பெண்கள் அக்காவை மட்டும் கூப்பிட்டார்கள். அவர் தனியாகப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார். வந்த பிறகு மலையிலிருந்து ஆர்டர் வரவில்லை. ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தோட்டத்து ஓரமாக ஒரு கொட்டகை போட்டு, மலையிலேயே விளையும் பரங்கிக்காயில் மாவுப்பூச்சி விடுவது, வண்டுக்குக் கூண்டு கட்டுவது, இரண்டுக்கும் தனித்தனிக் கதவு வைப்பது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"என்னக்கா இது? நம்ம பொழப்பையே தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டீங்க!" என்றேன். உண்மையாகவே கோபம்.

அக்கா காய் கழுவுவதை நிறுத்தவில்லை. "அங்க குளுந்த எடம். வண்டு இங்கயவிட அங்க நல்லாருக்கும். வண்டுக்கு எது நல்லதுன்னு பார்த்தேன். உனக்கு எது நல்லதுன்னு பார்க்கத் தோணலம்மா" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வர நான்கு நாள் பிடித்தது.

அந்தச் சித்திரையில் பெரம்பலூர் வெயில் எங்களை ஒரு கை பார்த்துவிட்டது. ஈரச் சாக்கு கட்டினோம், தரையில் மணல் கொட்டி நனைத்தோம், மின்விசிறி வைத்தோம். ஒரு வாரம் மின்சாரம் வந்து வந்து போயிற்று. ஒரு நாள் மத்தியானம் வண்டு அறையைத் திறந்தபோது கூண்டுகளின் அடியில் மிளகு கொட்டிக் கிடப்பதுபோல் கிடந்தன. எட்டு வருஷமாக விட்டுப்போகாமல் வளர்த்த வம்சம். அக்கா ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துக்கொண்டே போனார். "ஒண்ணுகூட இல்ல" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு இருவரும் வாசல்படியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். வேலை இல்லாமல் எப்படி உட்காருவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அக்காதான் மலைக்குப் போன் போட்டார். நல்லவேளையாகச் சிக்னல் கிடைத்தது. மூன்றாம் நாள் காலை லாரிக்காரரே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார், கையில் ஒரு துணிப்பையோடு. முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. வண்டுக்கு வெயில் ஏறக்கூடாதென்று இருட்டோடு கிளம்பி, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் யாரையும் உட்கார விடாமல் சண்டை போட்டுக்கொண்டு வந்தாராம்.

"நாலு ஜாடிங். நம்ம புள்ளைங்க நேத்து சாயங்காலம் பொறுக்கி எடுத்தது. எண்ணிப் பார்த்துக்குங்க" என்றார்.

ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். காப்பித் தோட்டக்காரர் டீதான் குடிப்பார். ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, வண்டு அறைக்கு வெளியே துப்பட்டாவைக் கழற்றி மாட்டினேன். ஜாடிகளைச் சுற்றியிருந்த ஈரத்துணியைப் பிரித்து முதல் ஜாடியை அக்கா வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாம் உயிரோடு சுவரேறிக்கொண்டிருந்தன. அவர் மூடியைத் திறந்து, மாவுப்பூச்சி நிறைந்த புதுக் காய் ஒன்றின் மேல் ஜாடியைச் சாய்த்துத் தட்டினார். வண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் பள்ளத்துக்குள் நுழைந்து தின்ன ஆரம்பித்தன. லாரிக்காரர் கதவுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரம்பிச்சுருச்சுங்களா?" என்றார்.

"ஆரம்பிச்சுருச்சு" என்றார் அக்கா. அரியலூர் பக்கம் கொய்யாத் தோட்டக்காரர் ஒருவர் பத்து நாளாகக் காத்திருந்தார். நான் அவருக்குப் போன் போட வெளியே போனேன்.